மார்சஷ்லொக்: விடியற்காலையில் போய்ச் சேர வேண்டிய ஊர்

மார்சஷ்லொக்கை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு. மால்டா தீவின் தென்கிழக்குக் கரையில் உள்ள மீனவ ஊர் அது. சுமார் 4,000 பேர் வாழ்கிறார்கள். மத்தியதரைக் கடலின் அழகான மீனவ ஊர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இந்த ஊருக்கு இடம் உண்டு. நான் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மீன் கடைக்காரர்கள் பலகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடலோரச் சாலை முழுக்க மனிதத் தலைகள். படகுகளைப் பார்க்கவே தோள்களுக்கு இடையில் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. மனம் ஆறாமல், இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் போனேன். கரையில் வலையைப் பிரித்துப் போட்டு ஒரு பெரியவர் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பூனைகள் அவருக்குக் காவல் இருந்தன. மஞ்சளும் நீலமும் பூசிய படகுகள் அசையாத நீரில் தலைகீழாகத் தெரிந்தன. அதே தெருதான், ஆனால் வேறு ஊர். புதிதாகப் போகிறவர்கள் முதல் நாளிலேயே அந்த இரண்டாவது ஊரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரும் காற்றும்

முதலில் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது நடுவில் எக்ஸ் வரும். அதைப் பார்த்துவிட்டு 'மார்சாக்ஸ்லாக்' என்று கேட்டால் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. மால்டா மொழியில் எக்ஸ் என்றால் 'ஷ' ஒலி. மார்ச-ஷ்லொக். 'மார்சா' என்றால் துறைமுகம். 'ஷ்லொக்' என்றால் தென்கிழக்கு, அந்தத் திசையிலிருந்து வீசும் காற்றுக்கும் அதே பெயர். சகாராவிலிருந்து புறப்பட்டுக் கடலைத் தாண்டி ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் காற்று அது. விரிகுடாவின் வாய் அந்தத் திசையைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. ஆகவே ஷ்லொக் வீசும் நாளில் வானம் மங்கலாகவும் உடம்பு பிசுபிசுப்பாகவும் இருக்கும், கடல் கலங்கும், சின்னப் படகுகளில் சவாரி நிறுத்தப்படலாம். போவதற்கு முந்தைய இரவு வானிலைச் செயலியில் மழையைப் பார்ப்பதைவிடக் காற்றின் திசையைப் பாருங்கள்.

மால்டா மொழியின் வேர் அரபியில் இருக்கிறது. எழுதுவது இலத்தீன் எழுத்தில். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஆட்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும்போதே காது நிமிர்ந்துவிடும்: வியெஹெட், த்னெய்ன், த்லீத்தா. மீனுக்கு 'ஹூத்'. ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி என்பதால் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. இருந்தாலும் காலையில் 'பொன்ஜு' என்று வணக்கம் சொல்லி, வாங்கியபின் 'கிராத்ஸி' என்று நன்றி சொன்னால் கிடைக்கும் முகமலர்ச்சி தனி.

எந்த மாதம், எந்த நாள்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர். இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் 30 டிகிரிக்கு மேல் நிற்கும். நிழல் தரும் மரம் அந்தச் சுண்ணாம்புப் பாறைத் தீவில் குறைவு. குளிர்காலம் மிதமானதுதான், ஆனால் கடல் முரண்டு பிடிக்கும். 1989 டிசம்பரில் அமெரிக்க அதிபர் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் பனிப்போரின் முடிவைப் பேசச் சந்தித்தது இதே விரிகுடாவில்தான். போர்க்கப்பல்களில் சந்திப்பதாகத் திட்டம். புயலில் கடல் கொந்தளித்ததால், 'மாக்சிம் கோர்கி' என்ற சோவியத் பயணிகள் கப்பலில் வைத்துப் பேச்சை நடத்த வேண்டியதாயிற்று. வல்லரசுகளுக்கே வளைந்து கொடுக்காத கடல் நம் விடுமுறைக்கு வளையாது.

மீன் பிரியர் என்றால் செப்டம்பர்தான். 'லம்புக்கி' என்று மால்டாக்காரர்கள் கொண்டாடும் மீன் (மற்ற நாடுகளில் மாஹி மாஹி) ஆகஸ்ட் நடுவில் தொடங்கி ஆண்டு இறுதி வரை கிடைக்கும். பிடிக்கும் முறை அழகானது. பனை இனத்து மர ஓலைகளை மிதவையில் கட்டி, கல்லை நங்கூரமாக இறக்கி, நடுக்கடலில் வரிசையாக விட்டுவிடுவார்கள். 'கன்னித்ஸாத்தி' என்று பெயர். ஓலை நிழலைத் தேடி மீன் கூட்டம் அடியில் ஒதுங்கும். வலையைச் சுற்றிப் போட்டு அள்ளுவார்கள். பருவத்துக்கு முன்பு அந்த ஓலைக் கட்டுகள் துறைமுகக் கரையில் குவிந்து கிடப்பதைக் காணலாம். குப்பை என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள்.

கிழமை விஷயத்தில் என் கருத்து உறுதியானது: சந்தை பார்க்க வேண்டுமா, ஞாயிறு, ஊர் பார்க்க வேண்டுமா, வேறு எந்த நாளும். இரண்டையும் ஒரே நாளில் அடைய ஒரு வழிதான் உண்டு. சனிக்கிழமை இரவு ஊரிலேயே தங்கிவிடுங்கள். சிறிய விருந்தினர் இல்லங்கள் சில இருக்கின்றன, முன்பதிவு அவசியம்.

விசாவும் பயணமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மால்டா 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, 2007 முதல் ஷெங்கன் நாடு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று), 2008 முதல் நாணயம் யூரோ. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா தேவை. பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக விட்டுவைக்கக் கூடாது. கோடையில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே சிரமம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பல நாடுகளுக்குப் போகிறீர்கள் என்றால், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் துபாய், இஸ்தான்புல் போன்ற ஊர்களில் விமானம் மாறிப் போகலாம். மின்செருகி பிரிட்டன் பாணியில் சதுர முனைகள் மூன்று கொண்டது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் செருகி மாற்றி (அடாப்டர்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் வண்டிகள் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடும். ஆகவே பஸ் எந்தப் பக்கம் வரும் என்ற குழப்பம் நமக்கு வராது.

பஸ்

விமான நிலையத்திலிருந்து மார்சஷ்லொக் சில கிலோமீட்டர்தான். தலைநகர் வலெட்டாவின் கோட்டை வாயிலுக்கு வெளியே உள்ள பஸ் நிலையத்திலிருந்து 81, 85 என்ற எண்களில் ஏறலாம். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். ஓட்டுநரிடம் பணம் கொடுத்தோ அட்டையைத் தொட்டோ டிக்கெட் வாங்கலாம். அதே டிக்கெட்டில் இரண்டு மணி நேரத்துக்குள் பஸ் மாறிக்கொள்ளலாம் என்பதால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஓட்டுநர்களில் இந்தியர்கள் பலர். வழி கேட்கத் தயங்க வேண்டாம்.

முதல் பஸ்களில் ஒன்றைப் பிடித்துவிடுங்கள். ஏழு மணிக்குக் கடற்கரையில் நின்றால் இந்த வழிகாட்டியில் பாதி வேலை முடிந்தது.

கரையில் முதல் ஒரு மணி நேரம்

இறங்கியதும் உணவகங்களின் பக்கம் பார்க்காமல் நேரே படித்துறைக்குப் போங்கள். இந்தக் கடலில் ஏற்றமும் வற்றமும் மிகக் குறைவு. ஆகவே நம் கரைகளைப் போல நீர் விலகிப் போய்ச் சேறு தெரிவதில்லை. எந்நேரமும் நீர் படியைத் தொட்டுக்கொண்டே நிற்கும், படகுகள் கைக்கெட்டும் தூரத்தில் ஆடும்.

அந்தப் படகின் பெயர் 'லுட்ஸு'. முன்னும் பின்னும் ஒரே மாதிரிக் கூர்ந்திருக்கும் மரப்படகு. பின்முனை வெட்டுப்பட்டுத் தட்டையாக முடிந்தால் அது லுட்ஸு அல்ல, 'கய்யிக்'. இந்த வேறுபாடு தெரிந்துகொண்டு பார்த்தால் கரையில் நிற்பதே சுவாரசியமாகிவிடும். முகப்பின் இரு பக்கமும் செதுக்கி வண்ணம் பூசிய இரண்டு கண்கள். தீயதை விலக்கிக் கரைசேர்க்கும் கண்கள் என்பது நம்பிக்கை. எகிப்தியத் தெய்வம் ஒசிரிஸின் கண் என்பார்கள்; பண்டைக் காலத்தில் இங்கே வணிகம் செய்த பினீசியர்களிடமிருந்து வந்த வழக்கம் என்பார்கள். பல படகுகளுக்குப் புனிதர்களின் பெயர்கள். எகிப்தியக் கண்ணும் கிறிஸ்தவப் புனிதரும் ஒரே பலகையில் சண்டையின்றி இருப்பதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணுக்கு அருகே முகப்பில் மீசை போல ஒரு பட்டை இருக்கும். மால்டாக்காரர்களும் அதை மீசை என்றே அழைக்கிறார்கள். அதன் நிறம் படகு எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் அடையாளமாக இருந்ததாகவும், வீட்டில் இழவு நேர்ந்தால் அதைக் கறுப்பாகத் தீட்டுவார்கள் என்றும் சொல்வதுண்டு. மற்ற வண்ணங்களுக்கு வேலைக் காரணம் ஒன்றும் இருக்கிறது: உப்புநீரில் மரம் கெடாமல் இருக்க அடிக்கடி வண்ணம் பூசியாக வேண்டும். அழகு அதிலிருந்தே பிறக்கிறது. இன்று பல லுட்ஸுகளில் டீசல் எஞ்சின் இருக்கிறது. கண்ணாடியிழைப் படகுகள் பெருகி, மரப்படகு செய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. ஆகவே பார்க்கும்போது கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். கரையில் விரித்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள், தாண்டிக் குதிக்காதீர்கள். படமெடுப்பதற்காகக் கட்டியிருக்கும் படகில் ஏறாதீர்கள். வலை தைப்பவரைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் தலையசைப்பார்கள். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். சுற்றுலாப் பயணிகளுக்காக அமைத்த அரங்கு அல்ல.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். படங்களில் காட்டாத ஒன்று எதிரே இருக்கும். விரிகுடாவின் ஒரு பக்கம் டெலிமாரா மின்நிலையமும் அதற்கு எரிவாயு தரும் பெரிய கப்பலும். மறுபக்கம் பக்கத்து ஊரான பிர்ஸெபூஜாவின் சரக்குப் பெட்டகத் துறைமுகமும் அதன் ராட்சதப் பாரந்தூக்கிகளும். பலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. தீவு முழுவதற்கும் வெளிச்சமும் சரக்கும் வரும் வாசலில்தான் இந்த மீனவர்கள் பிழைக்கிறார்கள். அதை வெட்டிவிட்டுப் பார்த்தால் ஊரைப் பாதிதான் பார்த்ததாகும்.

சதுக்கத்தில் பொம்பெய் மாதா ஆலயம் கடலைப் பார்த்து நிற்கிறது. 1890களில் எழுந்தது. உள்ளே போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். காலைத் திருப்பலி முடிந்து பாட்டிமார் வெளியே வந்து படிக்கட்டில் நின்று பேசும் நேரம் ஊரின் இனிமையான நேரம்.

ஞாயிறு சந்தை

எட்டு மணிக்கு முன்பு போனால் மீன் சந்தை. பத்து மணிக்குப் பிறகு போனால் துணிச் சந்தை. உண்மையிலேயே அப்படித்தான். கடலோரம் நெடுக விரியும் கடைகளில் பெரும்பகுதி மலிவு உடைகளும் பொம்மைகளும் காந்தப் படங்களும். மீன் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். வாள்மீன் துண்டங்கள், சூரை, கணவாய், பேய்க்கணவாய், இறால், பருவத்தில் பொன்னும் பச்சையுமாய் மின்னும் லம்புக்கி. எல்லாமே இந்தக் கரையில் இறங்கியவை அல்ல. வளர்ப்பு மீன்களும் உண்டு. எது நேற்றிரவு பிடித்தது என்று கேட்டால் மறைக்காமல் சொல்லும் வியாபாரிகள் இருக்கிறார்கள். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கிறதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பார்க்கும் அதே பார்வை அங்கேயும் செல்லும்.

சமையலறை உள்ள வாடகை வீட்டில் தங்கியிருந்தால் மீன் வாங்குங்கள். கேட்டால் சுத்தம் செய்து தருவார்கள். இல்லையென்றால் மால்டாத் தேன், உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகள், வெயிலில் உலர்த்திய தக்காளி, 'ஜ்பெய்னா' என்ற சிறிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவை நல்ல கொள்முதல். தேனையும் தக்காளியையும் ஊருக்குக் கொண்டுவரலாம். பாலாடைக்கட்டியை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.

சாப்பாடு

இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் முறை போனபோது ஓர் உணவகத்தில் பணியாளர் தட்டில் முழு மீன்களை அடுக்கி மேசைக்குக் கொண்டுவந்து காட்டினார். கண்ணுக்குப் பிடித்த ஒன்றைச் சுட்டினேன். எடை கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை. பில் வந்தபோதுதான் அந்த விலை கிலோ கணக்கு என்று புரிந்தது. இரண்டு பேர் சாப்பிட வேண்டிய மீனை ஒருத்தனாகச் சாப்பிட்டிருந்தேன். ஆகவே வரிசையாக மூன்று கேள்வி கேளுங்கள்: கிலோ என்ன விலை, இந்த மீன் எவ்வளவு எடை, இது எத்தனை பேருக்குப் போதும். கேட்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. உள்ளூர்க்காரர்களும் கேட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

சுட்ட மீனுக்கு எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் மட்டுமே துணை வரும். காரத்துக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் சப்பென்று தோன்றலாம். மூன்றாவது வாயில் மீனின் சுவையே போதும் என்று ஆகிவிடும். அதற்கு முன்பு 'அல்யொத்தா' கேளுங்கள். பூண்டு, தக்காளி, மூலிகைகளோடு மீனைக் கொதிக்கவைத்து, அரிசி போட்டு இறக்கும் சூப். பூண்டு தாராளம் என்பதால் நமக்கு உடனே பிடித்துப்போகும். பருவத்தில் லம்புக்கியைக் கீரை, ஆலிவ், கேப்பரோடு மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம் கிடைத்தால் விடாதீர்கள்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 'பஸ்திட்ஸி' என்ற அடுக்கடுக்கான மொறுமொறு பண்டத்தில் பட்டாணி வைத்ததும் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வைத்ததும் உண்டு. மாவில் விலங்குக் கொழுப்பு சேர்வது வழக்கம் என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியில் தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றித் தரும் 'ஹொப்ஸ் பிஸ்ஸெய்த்' சைவர்களுக்கும் ஏற்றது, ஆனால் சூரை மீன் சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். குடிக்கக் 'கின்னி', கசப்பு ஆரஞ்சில் செய்த உள்ளூர்ப் பானம்.

ஞாயிறு மதிய உணவுக்கு மேசையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மற்ற நாட்களில் பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டால் கரையோர மேசை கிடைக்கும்.

நீந்தப் போகும் இடம்

துறைமுக நீரில் படகுப் போக்குவரத்தும் எண்ணெயும் இருக்கும், அங்கே இறங்காதீர்கள். நீந்த வேண்டுமென்றால் டெலிமாரா முனையின் மறுபக்கம் உள்ள 'புனித பீட்டர் குளம்'. குளம் என்று பெயரே தவிர, பாறையைக் கடல் குடைந்து அமைத்த இயற்கையான நீச்சல் தலம். மார்சஷ்லொக்கிலிருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேர நடை. ஏற்றமான, நிழலற்ற பாதை. கரையிலிருந்து சிறு படகுகளும் கொண்டுபோய் விட்டுத் திரும்ப அழைத்து வரும். ஏறுவதற்கு முன்பு போக வர இரண்டுக்கும் சேர்த்துத்தானா கட்டணம், திரும்ப எத்தனை மணிக்கு வருவார்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அங்கே கடை உண்டு என்றோ கழிப்பறை உண்டு என்றோ நம்பிப் போகாதீர்கள். தண்ணீர், தொப்பி, ரப்பர் செருப்பு கையில் இருக்கட்டும். பாறை விளிம்பிலிருந்து ஓர் அடி வைத்ததுமே ஆழம். நீச்சல் தெரியாதவர்கள் கரையில் அமர்ந்து பார்ப்பதே நல்லது. இளைஞர்கள் உயரத்திலிருந்து குதிப்பதைப் பார்த்து நாமும் குதிக்கக் கூடாது. அவர்களுக்கு அடியில் இருக்கும் பாறைகள் தெரியும், நமக்குத் தெரியாது. நீரில் ஊதா நிறச் சொறி மீன்கள் மிதக்கின்றனவா என்று இறங்கும் முன் பாருங்கள். பட்டால் தோல் எரியும். அலை அடிக்கும் நாளில் ஏணியைப் பிடித்து மேலேறுவது கடினம், அன்று இறங்கவே வேண்டாம். அவசர உதவிக்கு எண் 112. வாடகைக் காரில் போனால் உள்ளே பை எதையும் விட்டுவராதீர்கள்.

நேரம் மிச்சம் இருந்தால்

ஊருக்கு மேலே உள்ள மேட்டில் தாஸ் சில்ஜ் என்ற அகழாய்வுத் தலம். கற்காலக் கோயில், அதன்மேல் பினீசியரின் பெண்தெய்வம் அஸ்தார்த்தேவின் கோயில், பிறகு ரோமானியரின் பெண்தெய்வம் ஜூனோவின் கோயில், பிறகு கிறிஸ்தவப் பேராலயம் என்று ஒரே மண்ணில் அடுக்கடுக்காக வழிபாடு நடந்திருக்கிறது. கப்பலோட்டிகள் வந்து நேர்த்திக்கடன் செலுத்திய இந்தக் கோயிலை சிசிலியின் ஆளுநர் வெர்ரெஸ் கொள்ளையடித்தார் என்று ரோமானியப் பேச்சாளர் சிசெரோ கி.மு. 70இல் அவர்மேல் குற்றம் சாட்டினார். தலம் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. மால்டாவின் தொல்பொருள் அமைப்பான ஹெரிடேஜ் மால்டாவிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். பூட்டியிருந்தாலும் அந்த மேட்டிலிருந்து விரிகுடா முழுவதும் தெரியும். 1565இல் மால்டாவை முற்றுகையிட வந்த உதுமானியத் துருக்கியரின் கப்பல்கள் நங்கூரமிட்ட நீர்ப்பரப்பு அதுதான். பக்கத்து முனையில் நிற்கும் சதுரமான சான் லூசியன் கோட்டை, இனி ஒரு கப்பலும் அப்படி நுழையக் கூடாது என்று 1610இல், அப்போது மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரர் சபை கட்டத் தொடங்கியது. 1614இல் வந்த உதுமானியப் படையை அதன் பீரங்கிகள் விரட்டின.

திரும்பும்போது, ஞாயிறு மதியம் என்றால், சந்தைக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் நிற்காமல், வலெட்டாவுக்குப் போகும் பஸ் அதற்கு முன்பு வரும் நிறுத்தத்துக்கு நடந்து போய் ஏறுங்கள். சந்தை நிறுத்தத்துக்கு வருவதற்குள் பஸ் நிரம்பிவிடும். பஸ் கண்ணில் பட்டதும் கையை நன்றாக நீட்டிக் காட்டுங்கள். நிறுத்தத்தில் ஆள் நிற்பதால் மட்டும் மால்டா பஸ் நின்றுவிடாது.